இறக்கைக்கு அடியில் ஐம்பது சென்டிமீட்டர்

போன மாதம் ஒரு சனிக்கிழமை காலை, டர்பனின் வர்ஜீனியா விமானத் திடலில் கோரைப்பாய் விரித்து மல்லாக்கப் படுத்திருந்தேன். முகத்துக்கு நேர் மேலே ஒரு பைப்பர் செரோக்கியின் இடது இறக்கை. கையில் தையல் டேப். பக்கத்தில் குனிந்து நின்ற என் வீட்டுக்காரர், "எவ்வளவு?" என்றார்.

"நாற்பத்தாறு."

"இன்னொரு தடவை பாரு."

இன்னொரு தடவை பார்த்தால் எழுத்து வளரவா போகிறது? நாற்பத்தாறுதான். இருக்க வேண்டியது ஐம்பது. இறக்கையில் ஒட்டியிருந்த விமானத்தின் பதிவு அடையாளத்தை, அந்த ஐந்து எழுத்தையும் ஒரு கோட்டையும், சுரண்டி எடுத்துவிட்டு முதலிலிருந்து ஒட்ட வேண்டும் என்பது எங்கள் இருவருக்கும் ஒரே நேரத்தில் புரிந்தது. அவர் எதுவும் பேசாமல் போய் ஃபிளாஸ்க்கிலிருந்து டீ ஊற்றிக்கொண்டு வந்தார். எனக்கும் ஒரு கப். அதை நான் மன்னிப்பு என்று எடுத்துக்கொண்டேன், ஏனென்றால் எழுத்து செய்து கொடுத்த ஸ்டிக்கர் கடையைத் தேர்ந்தெடுத்தது அவர்தான்.

விமானம் வைத்திருக்கிறோம் என்றால் ஊரில் உள்ளவர்கள் வேறு மாதிரி நினைத்துக்கொள்கிறார்கள். அம்பாசமுத்திரத்தில் என் சித்தி, "பைலட்டுக்குச் சம்பளம் எவ்வளவு கொடுக்கீங்க?" என்று கேட்டாள். இது 1969ஆம் வருடத்து செரோக்கி 140. என் வீட்டுக்காரரைவிட வயதில் மூத்தது. நூற்றைம்பது குதிரைசக்தி எஞ்சின் ஒன்று, கதவு ஒன்று. அந்தக் கதவும் வலப்பக்கம், இறக்கைமேல் ஏறித்தான் உள்ளே போக முடியும். சேலை கட்டிக்கொண்டு ஏறியிருக்கிறேன், யாருக்கும் சிபாரிசு செய்யமாட்டேன். நாலு பேர் உட்காரலாம் என்று காகிதத்தில் இருக்கிறது. பின்னால் உட்காரும் இருவரும் பள்ளிக்கூடப் பிள்ளைகளாக இருந்தால் அது உண்மை. இவர் டோங்காட்டில் டீசல் ஒர்க்‌ஷாப் வைத்திருக்கிறார். கரும்பு லாரிகள்தான் எங்கள் வீட்டுக்குச் சோறு போடுகின்றன. இவரும் பண்டாரம் அண்ணாவும் பாதிப் பாதி போட்டு வாங்கினார்கள். ஆளுக்கு ஒரு பழைய பக்கியின், அதாவது பிக்கப் வண்டியின், விலை என்று வைத்துக்கொள்ளுங்கள். அந்தப் பக்கியை வாங்கியிருக்கலாமே என்று நான் சொன்னதும் பதிவாக வேண்டும், சொல்லிவிட்டேன்.

விற்றவர் இங்கே ஃப்ரீ ஸ்டேட் மாகாணத்தில் பெத்லஹேம் பக்கம் உள்ள ஒரு விவசாயி. தங்கமான மனிதர். ஒரே ஒரு நிபந்தனை போட்டார். விமானத்தில் இருந்த மூன்று எழுத்து அவருடைய மனைவியின் பெயரின் முதலெழுத்துகள். மனைவி போய்ச்சேர்ந்து இரண்டு வருடம் ஆகிறது. அந்த எழுத்து தனக்கு வேண்டும், அடுத்து வாங்கும் விமானத்துக்கு வைத்துக்கொள்வேன், நீங்கள் வேறு எழுத்து வாங்கிக்கொள்ளுங்கள் என்றார். யார் மறுக்க முடியும்? ஆக, எங்களுக்கு ஆசை வந்து புது எழுத்து வாங்கவில்லை. வாங்கியே தீரவேண்டி வந்தது. வந்த பிறகு ஆசையும் வந்துவிட்டது, அது வேறு.

சென்னையில் இருக்கும் என் அண்ணனிடம் சொன்னதும், "ஃபேன்ஸி நம்பரா? ஏலம் எவ்வளவுக்குப் போச்சு?" என்றான். ஆர்டிஓ ஆபீஸ் நினைப்பிலேயே இருக்கிறான். விமானத்தில் நம்பர் பிளேட் என்று தனியாக ஒன்று மாட்டுவதில்லை. உடம்பிலேயே எழுத வேண்டும். தென்னாப்பிரிக்காவில் எண்ணே கிடையாது, எழுத்து மட்டும்தான். முதலில் நாட்டுக்கான இரண்டு எழுத்து, ஒரு சிறு கோடு, அப்புறம் மூன்று எழுத்து. எங்களுடையது மாதிரி தொழிற்சாலையில் செய்து சான்று பெற்ற விமானங்களுக்கு இசட்எஸ். வீட்டுக் கொட்டகையில் தானே கட்டியவை, ஓய்வுபெற்ற போர் விமானங்கள் போன்றவற்றுக்கு இசட்யு. இசட்டி வரிசையில் ஹெலிகாப்டர்களைப் பார்க்கலாம். இசட்எஸ்ஸுக்குப் பிறகு ஜி வந்தால் அது எஞ்சின் இல்லாத கிளைடர்.

இசட் என்றதும் இங்கே பலர் அதை டச்சு மொழியின் 'ஸுய்ட்', அதாவது தெற்கு, என்று விளக்குவார்கள். கேட்க நன்றாக இருக்கும், ஆனால் அது இல்லை. நியூசிலாந்துக்கும் இசட்கே என்றுதான் தொடங்குகிறது. 1927இல் வாஷிங்டனில் வானொலித் தந்திக்காக ஒரு மாநாடு நடந்தது. எந்த நாட்டு நிலையம் எந்த எழுத்தில் தன்னை அழைத்துக்கொள்ள வேண்டும் என்று அங்கே பங்கு பிரித்தார்கள். விமானங்களும் அந்த எழுத்துகளையே எடுத்துக்கொண்டன. இன்று இசட்ஆரிலிருந்து இசட்யு வரை தென்னாப்பிரிக்காவின் பங்கு. நம் ஊர் விடி கதையும் இதேதான். 'வைஸ்ராய்ஸ் டெரிட்டரி', அடிமைச் சின்னம், உடனே மாற்ற வேண்டும் என்று அண்ணன் வருடத்துக்கு இரண்டு முறை வாட்ஸ்அப்பில் அனுப்புவான். இந்தியாவுக்கு ஒதுக்கிய வரிசை விடிஏவில் தொடங்கியது, அவ்வளவுதான். வைஸ்ராய்க்கும் அதற்கும் சம்பந்தம் இல்லை. சொல்லிப் பார்த்தேன். அடுத்த சுதந்திர தினத்துக்கு மறுபடி அனுப்பினான்.

சரி, அந்த மூன்று எழுத்துக்கு வருவோம். சும்மா விட்டால் மிட்ராண்டில் உள்ள சிவில் விமான ஆணையம் வரிசையில் எது வருகிறதோ அதைக் கொடுக்கும். குறிப்பிட்ட எழுத்து வேண்டுமென்றால் விண்ணப்பித்து, அது காலியாக இருந்தால், கட்டணம் கட்டி ஒதுக்கி வைத்துக்கொள்ளலாம். இதில் வெட்கப்பட ஒன்றும் இல்லை, அரசாங்கமே அப்படித்தான் செய்கிறது. ஜனாதிபதி பறக்கும் இன்க்வாசி என்ற போயிங்கின் பதிவு இசட்எஸ்-ஆர்எஸ்ஏ. ரிபப்ளிக் ஆஃப் சவுத் ஆப்பிரிக்கா. பிரிட்டிஷ் ஏர்வேஸின் கன்கார்டுகளில் ஒன்று ஜி-பிஓஏசி என்று பழைய கம்பெனியின் பெயரையே சுமந்தது.

பண்டாரம் அண்ணா தன் குடும்பப் பெயரின் முதல் மூன்று எழுத்தை வைப்போம் என்றார். பிஏஎன். பாதிப் பங்குக்காரர், கேட்க உரிமை இருக்கிறது. அவருடைய காரில் ஏற்கெனவே பெயரையே நம்பராக எழுதி, எங்கள் மாகாணத்து வழக்கப்படி இசட்என் என்று முடித்து வைத்திருக்கிறார். அந்தப் பழக்கம். ஆனால் சிகாகோ ஒப்பந்தத்தின் ஏழாவது இணைப்பு, அதாவது உலகத்து விமானங்கள் எல்லாவற்றுக்கும் பெயர் சூட்டும் விதி, சில எழுத்துக் கூட்டுகளை வைக்கக் கூடாது என்கிறது. எஸ்ஓஎஸ் கூடாது. மூன்று எக்ஸ் கூடாது. மூன்று டி கூடாது. க்யூவில் தொடங்கும் மூன்றெழுத்து கூடாது, அவை தந்திக் குறியீடுகள். பிஏஎன்னும் கூடாது. 'பான்-பான்' என்று ரேடியோவில் சொன்னால் அவசரம், உதவி வேண்டும் என்று பொருள். ஒரு படி மேலே போனால் 'மேடே'. அண்ணா ஒவ்வொரு முறை டவரைக் கூப்பிடும்போதும் கடலோரக் காவல் புறப்பட்டு வந்தால் நன்றாக இருக்காது.

"என் தாத்தா பேரு அவசரமா?" என்றார். கொஞ்சம் வருத்தம்தான். அப்புறம் ஒரு வாரம் அதையே சொல்லிச் சொல்லிச் சிரித்தார்.

இங்கே இன்னொரு விஷயம் சொல்ல வேண்டும். காரின் எழுத்தைப் பின்னால் வருகிறவன் படிக்கிறான். விமானத்தின் எழுத்தை வாயால் சொல்ல வேண்டும். அதுவும் எழுத்தாக இல்லை, ஆல்ஃபா, பிராவோ, சார்லி என்று சொற்களாக. முதலில் ஐந்தையும் சொல்வார்கள். அதன்பின் பெரும்பாலும் கடைசி மூன்றே போதும் என்று விட்டுவிடுவார்கள். ஆகவே காகிதத்தில் அழகாக இருக்கும் பெயர் காதில் எப்படி விழும் என்று பார்க்க வேண்டியிருந்தது. ஒரு வாரம் எங்கள் வீட்டில் இரவுச் சாப்பாடு முழுக்க இதுதான். சாட்ஸ்வொர்த்தில் இருக்கும் பெரிய மாமா, எண்பது வயது, தீவிர ரசிகர், "எம்ஜிஆர்தான். வேற பேச்சே கிடையாது" என்றார். மைக் கோல்ஃப் ரோமியோ. ரோமியோ பொருத்தம்தான், கோல்ஃப் எங்கே வந்தது என்று கேட்டேன். கோவிலில் காவடிக் கமிட்டியில் இருப்பவர்கள் வேல் என்றார்கள். விஇஎல். விக்டர் எக்கோ லிமா. எனக்கு அது பிடித்திருந்தது. எழுதவும் சின்னது, சொல்லவும் தெளிவு. ஆனால் டர்பனில் வேல் என்று பெயர் வைத்த கார், லாரி, பேக்கரி எத்தனை என்று இவர் எண்ண ஆரம்பித்ததும் விட்டுவிட்டேன்.

இவருக்கு முதல் நாளிலிருந்தே ஒன்றுதான் மனதில். ஏஒய்ஏ. ஆயா.

நேட்டாலில் ஆயா என்றால் பாட்டி. இவருடைய அப்பாவைப் பெற்ற ஆயா, கேட்டோ மேனரில் தோட்டம் போட்டுப் பிழைத்தவர். இனவாரியாகக் குடியிருப்பைப் பிரித்த குழுப் பகுதிச் சட்டம் வந்து அங்கிருந்து கிளப்பி சாட்ஸ்வொர்த்தில் கொண்டுபோய் விட்டார்கள். அதன்பிறகும் விடிவதற்கு முன்னால் எழுந்து, வார்விக் பக்கம் உள்ள அதிகாலைச் சந்தையில் கறிவேப்பிலையும் கொத்தமல்லியும் கட்டுக்கட்டாக விற்றவர். இவர் ஒர்க்‌ஷாப் ஆரம்பித்தபோது முதல் ஸ்பேனர் பெட்டி அந்தக் கறிவேப்பிலைக் காசில் வந்தது. நான் கல்யாணம் ஆகி இங்கே வந்தபோது, இந்த வீட்டில் என்னிடம் இடைவெளி இல்லாமல் தமிழில் பேசியவர் அவர் ஒருவர்தான். 2011இல் போனார். விமானத்தில் ஒரு முறைகூட ஏறியதில்லை.

ஆகவே ஆயா. இதற்கு இரண்டு பக்கமிருந்து எதிர்ப்பு வந்தது. முதல் எதிர்ப்பு அம்பாசமுத்திரத்திலிருந்து. "ஆயாவா? பால்வாடி ஆயா மாதிரியா? ப்ளேனுக்கு யாராவது அப்படிப் பேரு வைப்பாங்களா?" என்றாள் அம்மா. இங்கே ஆயா என்றால் பாட்டி என்று விளக்கினேன். சரி என்று சொல்லிவிட்டு எண் கணிதத்தில் இறங்கினாள். இசட் ஏழு, எஸ் மூன்று, கூட்டினால் பத்து. ஏ, ஒய், ஏ மூன்றுக்கும் ஆளுக்கு ஒன்று. மொத்தம் பதின்மூன்று. கூட்டினால் நாலு. ராகு. "ஆகாது" என்றாள். வேலுக்குப் போட்டுப் பார்த்தாள், இருபத்துநாலு, ஆறு, சுக்கிரன். "முருகன் கைவிடமாட்டான்" என்றாள், ஏதோ முருகன் ஆங்கில எழுத்தைக் கூட்டிப் பார்த்துவிட்டுத்தான் அருள் செய்வது போல.

இரண்டாவது எதிர்ப்பு சமையலறையிலிருந்து. என் மாமியார் பருப்பைக் கடைந்துகொண்டே, "எந்த ஆயா?" என்றார்.

"எங்க ஆயாதான்மா."

"எங்க அம்மாவும் உனக்கு ஆயாதான்."

அதோடு அந்தப் பேச்சு முடிந்தது. அம்மாவின் ராகுவைச் சமாளித்திருப்பார். இதைச் சமாளிக்க முடியாது.

அப்போதுதான் என் மகள் காலனி எண்ணைக் கொண்டுவந்தாள். பதினைந்து வயது, கணக்குப் பைத்தியம். பள்ளியில் குடும்ப வரலாறு எழுதச் சொன்னார்கள் என்று, குவாசுலு-நேட்டால் பல்கலைக்கழகத்தின் காந்தி-லுத்துலி ஆவண மையத்திலுள்ள கப்பல் பட்டியல்களில் தேடி, தன் தாத்தாவின் தாத்தாவைக் கண்டுபிடித்து வைத்திருந்தாள். 1860இல் ட்ரூரோ கப்பல் வந்ததிலிருந்து 1911 வரை கரும்புக் காட்டுக்கு ஒப்பந்தத்தில் வந்த ஒவ்வொருவருக்கும் நேட்டால் அரசு ஒரு எண் போட்டது. பட்டியலில் முதலில் அந்த எண், அப்புறம்தான் பெயர். தகப்பன் பெயர், வயது, ஜில்லா, தாலுகா, கிராமம், உயரம், உடம்பில் உள்ள அடையாளம். எங்களவர் வட ஆற்காடு. உயரம் ஐந்தடி மூன்றங்குலம். இடது முழங்காலில் தழும்பு. எண் ஆறு இலக்கம்.

"அந்த நம்பரையே வெச்சா என்ன?" என்றாள். வீடு ஒரு நிமிடம் அமைதியானது. இவருக்கு அந்த யோசனை எவ்வளவு பிடித்தது என்பது முகத்தில் தெரிந்தது. எந்த ஆயா என்ற சண்டையும் வராது, இந்தக் கப்பல் தாத்தா எல்லாருக்கும் பொது.

ஆனால் இங்கே எண் வைக்க முடியாதே. அமெரிக்காவாக இருந்தால் என் என்ற எழுத்துக்குப் பின்னால் ஐந்து இடம் வரை எண்ணாகவே கேட்டு வாங்கலாம். அங்கேயும் ஐந்துதான், எங்களுக்கு ஆறு. மகள் விடவில்லை. எழுத்தை எண்ணாக மாற்றுகிறேன் என்று உட்கார்ந்தாள். ஏஏஏ என்றால் பூஜ்யம், ஏஏபி என்றால் ஒன்று, இப்படியே போனால் இசட் இசட் இசட் வரை ஒவ்வொரு எண்ணுக்கும் ஒரு மூன்றெழுத்து கிடைக்கும். கால்குலேட்டரைத் தட்டிவிட்டுச் சும்மா இருந்தாள்.

"என்ன?"

"பத்தல."

இருபத்தாறை மூன்று தடவை பெருக்கினால் 17,576. இசட்எஸ் வரிசையில் அவ்வளவுதான் இடம். ஒப்பந்தத்தில் வந்தவர்கள் 1,52,184 பேர். நாட்டுக்கு உள்ள நாலு வரிசையையும், ஆர், எஸ், டி, யு எல்லாவற்றையும் சேர்த்தாலும் 70,304. பாதிக்கு மேற்பட்டவர்கள் வெளியே நிற்பார்கள். நாலாவதாக இன்னும் ஒரு எழுத்து கொடுத்தால் தாராளமாக அடங்கும் என்றாள். அந்தத் தாளை இவர் மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். மறுநாள் சட்டையைத் துவைக்கப் போடும்போது எடுத்துப் பார்த்தேன். பின்பக்கத்தில் இவர் வேறு எழுத்துகளை எழுதி எழுதி அடித்திருந்தார்.

கடைசியில் எது என்று இங்கே எழுதப்போவதில்லை. எழுத்தைத் தட்டினால் படம், நாள், எங்கே நிற்கிறது என்று எல்லாம் வந்துவிடும் காலம் இது. விமானத்தைப் படம் எடுப்பதையே வேலையாக வைத்திருக்கும் ஒரு கூட்டம் வேலிக்கு வெளியே எப்போதும் நிற்கிறது, நல்ல பையன்கள்தான். இவ்வளவு சொல்கிறேன். ஆயா என்ற உறவை விட்டுவிட்டு, அந்த சாட்ஸ்வொர்த் ஆயாவின் சொந்தப் பெயருக்குப் போனார். அவருடைய பெயரை அடையாள அட்டையில் ஒரு விதமாகவும், ரேஷன் கார்டு மாதிரி இருந்த ஏதோ ஒன்றில் வேறு விதமாகவும், கல்லறையில் மூன்றாவது விதமாகவும் ஆங்கிலத்தில் எழுதியிருந்தார்கள். மூன்றிலும் மாறாமல் நின்றவை மெய்யெழுத்துகள் மட்டுமே. அவற்றில் மூன்று. "மூணும் மெய்தான், உயிர் இல்லையே" என்றேன், தமிழ் வாத்தியார் புத்தி. "உயிர் லைகமிங்" என்றாள் மகள். லைகமிங் எங்கள் எஞ்சினின் கம்பெனி.

மாமியாரிடம் யார் சொல்வது என்று கேள்வி வந்தது. நான்தான் சொன்னேன். "அவங்க பேரா?" என்றார். வெகு நேரம் ஒன்றும் சொல்லவில்லை. அப்புறம், "பறக்கட்டும்" என்றார். அது ஆசீர்வாதமா வேறு எதுவுமா என்று இன்றுவரை எனக்குத் தெளிவில்லை.

விண்ணப்பத்தில் மூன்று விருப்பம் எழுதி அனுப்பினோம். முதலாவது கிடைக்கவில்லை. ஆயா பெயரின் மெய்யெழுத்துகளை வேறு வரிசையில் வைத்த இரண்டாவது கிடைத்தது. அதுவே காதுக்கு நன்றாக இருந்தது. அதோடு வேலை முடிந்துவிட்டது என்று நினைத்தேன் பாருங்கள். அப்போதுதான் ஆரம்பித்தது. பதிவுச் சான்றிதழ் புதிது. பறக்கத் தகுதியானது என்ற சான்றிதழ் அந்தப் பெயருக்கு மாற வேண்டும். ரேடியோ உரிமம் தருவது ஐகாசா, வேறு அலுவலகம், வேறு படிவம். இன்சூரன்ஸ். எஞ்சினுக்கு ஒரு புத்தகம், உடம்புக்கு ஒரு புத்தகம், புரொப்பல்லருக்கு ஒரு புத்தகம், மூன்றிலும் பழைய எழுத்து இன்ன தேதியில் போய்ப் புதியது வந்தது என்று குறிப்பு. விமானம் விழுந்தால் தானாகக் கத்தும் 406 மெகாஹெர்ட்ஸ் கருவி ஒன்று வாலுக்குள் இருக்கிறது. அதில் யார் பெயர் பதிந்திருக்கிறது? பெத்லஹேம் விவசாயியின் பெயர். எங்களுக்கு ஏதாவது ஆனால் நடுராத்திரியில் அவரை எழுப்புவார்கள். அதை மாற்றினோம். ரேடாருக்கு விமானத்தை அடையாளம் காட்டும் டிரான்ஸ்பாண்டரின் குறியீட்டைச் சரிபார்த்தோம். கடைசியாக ஒரு சின்னத் தகடு. தீயில் உருகாத உலோகத்தில் அந்த ஐந்து எழுத்தைப் பொறித்துக் கதவுப் பக்கம் அறைய வேண்டும். மற்றதெல்லாம் எரிந்தாலும் இது எந்த விமானம் என்று தெரிய. இவர் ஒர்க்‌ஷாப்பில் தானே ஒவ்வொரு எழுத்தாக அடித்தார். ஆயா பெயரை அடிக்கும்போது பக்கத்தில் யாரையும் நிற்க விடவில்லை.

இனி அந்த ஸ்டிக்கர் கடை. டர்பன் மினிபஸ் டாக்ஸிகளைப் பார்த்தவர்களுக்குத் தெரியும், இந்த ஊரில் வினைல் ஒட்டுவது ஒரு கலை. தீச்சுவாலை, சிங்கம், ராப் பாடகர், பைபிள் வசனம், எல்லாம் ஒரே கதவில். எங்களுக்குச் செய்து கொடுத்தவர் அந்தக் கலையில் கைதேர்ந்தவர். விமானம் என்றதும் அவருக்கு உற்சாகம் தாங்கவில்லை. முதல் தடவை எழுத்துக்குத் தங்க நிழல், ஓரத்தில் மெல்லிய சிவப்புக் கோடு, கடைசி எழுத்தின் வாலில் இறகு. பார்க்க நிஜமாகவே அழகாக இருந்தது. ஆனால் விதி கறார். அலங்காரம் இல்லாத பெரிய எழுத்து, இடைவெளியில்லாத திடமான கோடு. எழுத்தின் அகலம் உயரத்தில் மூன்றில் இரண்டு பங்கு. கோட்டின் தடிமன் ஆறில் ஒரு பங்கு. எழுத்துக்கும் எழுத்துக்கும் நடுவே எழுத்தகலத்தில் கால் பங்காவது. உடம்பின் பக்கவாட்டில் உயரம் முப்பது சென்டிமீட்டருக்குக் குறையக் கூடாது. இடது இறக்கையின் அடியில் ஐம்பது, அதுவும் எழுத்தின் தலை இறக்கையின் முன்விளிம்பைப் பார்த்து. கணக்குப் போட்டால் பக்கவாட்டில் ஏறக்குறைய ஒன்றரை மீட்டர் நீளம், இறக்கையடியில் இரண்டரை மீட்டருக்குக் கொஞ்சம் குறைவு. இதையெல்லாம் ஒரு தாளில் வரைந்து கொடுத்தோம்.

இரண்டாவது தடவை நிழல் போனது, இறகு போனது, பக்கவாட்டு எழுத்து அளவும் சரியாக வந்தது. இறக்கை எழுத்துதான் நாற்பத்தாறு. ஏன் என்று கேட்டதற்கு, ஐம்பது போட்டால் "கொஞ்சம் பெருசாத் தெரிஞ்சுது" என்றார். நாலு சென்டிமீட்டரை யார் அளக்கப் போகிறார்கள் என்றும் சொன்னார். அளக்கத்தான் நான் பாயோடு வந்திருந்தேன். மூன்றாவது தடவைக்குக் காசு வாங்கவில்லை, அதையும் சொல்லிவிட வேண்டும். அந்த நிழலும் இறகும் வைத்த முதல் ஜோடி எழுத்து வீணாகவில்லை. பண்டாரம் அண்ணா வீட்டு கராஜ் கதவில் இருக்கிறது.

இந்தத் திடலையே மூடிவிட்டு வேறு ஏதோ கட்டப்போகிறார்கள் என்ற பேச்சு வருடக்கணக்காக ஓடுகிறது. கடல்காற்று மாதிரி, வரும், போகும். ஒரு பக்கம் எம்4 சாலை, மறுபக்கம் மணலும் கடலும், நடுவே ஒரு கிலோமீட்டருக்கும் குறைவான ஓடுபாதை. புது எழுத்தோடு முதல் தடவை பறந்த ஞாயிற்றுக்கிழமை வேலியோரம் நானும் மகளும் மாமியாரும் நின்றோம். மாமியார் மடக்கு நாற்காலியில். மகள் கையில் டவர் பேசுவதைக் கேட்கும் சின்ன ரேடியோ. இவர் பேனலில் ஒரு மஞ்சள் சீட்டில் புது எழுத்தைக் கொட்டை எழுத்தில் எழுதி ஒட்டியிருந்தார், பழக்கதோஷத்தில் விவசாயி மனைவியின் பெயர் வாயில் வந்துவிடக் கூடாதென்று. தரையில் இருந்தவரை சீட்டைப் பார்த்துச் சரியாகவே சொன்னார். இவரும் பண்டாரம் அண்ணாவும் மேலே ஏறினார்கள். கடலுக்கு மேலே திரும்பி, உம்லாங்கா பக்கம் போய், மறுபடி திடலுக்கு இணையாக வந்தார்கள். அடியில் ஐம்பது சென்டிமீட்டர் எழுத்து. தரையிலிருந்து பார்த்தால் படிக்க முடிந்தது. நாற்பத்தாறும் படிக்க முடிந்திருக்கும் என்பது என் எண்ணம், இவரிடம் சொல்லவில்லை.

டவர் கூப்பிட்டது. மூன்று சொல்.

பதில் இல்லை.

டவர் மறுபடி கூப்பிட்டது, அதே மூன்று சொல், கொஞ்சம் நிதானமாக. ரேடியோவில் கரகரப்பு மட்டும். மகள் பல்லைக் கடித்துக்கொண்டு, "அப்பா, உங்களைத்தான்" என்று வானத்தைப் பார்த்துச் சொன்னாள்.

"யாரைக் கூப்பிடுறான்?" என்றார் மாமியார்.

"உங்க மாமியாரை, அத்தை. அந்த மூணு வார்த்தைதான் அவங்க பேரு."

மூன்றாவது தடவை கூப்பிட்டபோது பண்டாரம் அண்ணாவின் முழங்கை வேலை செய்திருக்க வேண்டும். இவர் குரல் அவசர அவசரமாகப் பதில் சொன்னது.

மாமியார் நாற்காலியில் சாய்ந்து உட்கார்ந்துகொண்டார். "அவங்களும் அப்படித்தான்" என்றார். "மூணு தடவை கூப்பிட்டாத்தான் என்னான்னு கேப்பாங்க."